கார்க் கையேட்டின் கடைசிப் பக்கம்

காலை ஏழரை மணி. மேற்குத் தாம்பரத்தில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார் கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதன்பின் ஒன்றுமில்லை. பட்டறை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? கையேட்டைத் தேடி எடுப்பீர்கள். அது காருடன் வந்த கையேடானாலும் சரி, கடையில் வாங்கிய மோட்டார் ரிப்பேர் நூலானாலும் சரி, கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். முதல் பத்தியில் 'கோளாறு', இரண்டாவதில் 'காரணம்', மூன்றாவதில் 'பரிகாரம்'.

'எஞ்சின் கிளம்பவில்லை' என்பதற்கு எதிரே காரணங்கள் வரிசையாக நிற்கும். பாட்டரி வலுவிழந்திருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டார் பழுதாகியிருக்கலாம், பெட்ரோல் வராமல் இருக்கலாம், பிளக்கில் பொறி இல்லாமல் இருக்கலாம். அவற்றுக்குப் பரிகாரம்: 'சரிபார்க்கவும்' அல்லது 'மாற்றவும்'. அவ்வளவுதான்.

கதைக்கும் கவிதைக்கும் விமரிசனம் எழுதுகிறோம். அவசரத்தில் நம்பிப் புரட்டும் இந்தப் பக்கத்திற்கு மட்டும் விமரிசனம் வேண்டாமா? இதைத் தவறாக எழுதினால் வாசகரின் பணம் போகும். சில வேளைகளில் முகமும் கையும் வெந்துபோகும். ஆகவே ஒரு நூலை மதிப்பிடுவது போலவே இந்த அட்டவணையை மதிப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் அதன் நற்குணத்தைச் சொல்லிவிடவேண்டும். தாம்பரம் வட்டாரத்துக்குக் கார் அந்நியப் பொருளன்று. குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் (எம்.ஐ.டி.) தொடக்கத்திலேயே மோட்டார் வாகனப் பொறியியலைக் கற்பித்தது. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பின்னர் வந்த கெசல், 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 ஆகியவை அந்நிறுவனத்தின் கார்கள். 1988-இல் உற்பத்தி நின்றது. அக்காலக் கார்களின் மூடியைத் திறந்தால் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்பு என்று ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். 'இந்த இயந்திரம் மாயமன்று; இதன் நோய்க்குக் காரணம் உண்டு; அதை நீங்களே கண்டுபிடிக்கலாம்' என்று சாதாரண மனிதருக்குச் சொன்னது இந்த அட்டவணைதான். அது சிறிய தொண்டன்று.

ஆனால் குறைகள் நான்கு உண்டு.

முதற்குறை: பட்டியல் வேறு, வழி வேறு. ஐந்து காரணங்களை அடுக்கினால் ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும் என்று வாசகர் நினைக்கிறார். அறிவியல் அப்படி வேலை செய்வதில்லை. ஒரே சோதனையால் பாதிக் காரணங்களைக் கழித்துவிட முடியுமா என்றுதான் அது முதலில் கேட்கும்.

கிளம்பாத காருக்கே வருவோம். கியரை நியூட்ரலில் வைத்து, முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு முதலிலேயே மங்கலாக இருந்தால் பாட்டரியில் மின்சாரம் இல்லை. நன்றாக எரிந்த விளக்கு, சாவியைத் திருப்பியதும் மங்கிப் படுத்துவிட்டால், பாட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்து இணைப்புக் கெட்டிருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் இறுகிப் போயிருந்தாலும் இப்படி நேரலாம். விளக்கு சிறிதும் மங்காமல் 'டிக்' மட்டும் கேட்டால், மின்சாரம் ஸ்டார்ட்டருக்குள் பாயவில்லை. ஸ்டார்ட்டர் விறுவிறுவென்று சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையானால், பாட்டரியைக் குற்றம் சொல்வதில் பொருளே இல்லை. பெட்ரோலையும் பொறியையும் மட்டும் பார்க்கவேண்டும். ஒரு விளக்கு, அரை நிமிடம். ஐந்து காரணங்கள் இரண்டாகச் சுருங்கிவிட்டன. அட்டவணையை எழுதியவருக்கு இது தெரியாததன்று. அவருடைய மூன்று பத்திகளில் இதை எழுத இடமில்லை என்பதே உண்மை.

இரண்டாம் குறை 'சரிபார்க்கவும்' என்ற சொல். 'பாட்டரியைச் சரிபார்க்கவும்' என்கிறது நூல். எதை வைத்து? எவ்வளவு இருந்தால் சரி? இதைச் சொல்லாத வாக்கியம், 'நோயாளியைக் குணப்படுத்தவும்' என்று எழுதிய மருத்துவ நூலுக்கு ஒப்பாகும்.

சொல்லவேண்டியது மூன்று எண்கள்தாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரைப் பாட்டரியின் இரு முனைகளிலும் வையுங்கள். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது பெரும்பாலும் காலியாகிவிட்டது என்று பொருள். எஞ்சினைக் கிளப்பும்போது அளவு சற்று இறங்கும்; ஏறத்தாழ 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பாட்டரி சுமை தாங்கவில்லை. எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வரவேண்டும். 13-ஐக்கூடத் தாண்டவில்லையானால் குற்றவாளி பாட்டரி அன்று, அதற்கு மின்னூட்டம் தரும் ஆல்டர்னேட்டரோ அதைச் சுற்றும் பெல்ட்டோ ஆகும். (ஆல்டர்னேட்டரைக் கணினி அடக்கியாளும் சில புதிய கார்களில் இந்த அளவு ஏறி இறங்கக்கூடும், ஒரே அளவீட்டைக் கொண்டு முடிவு கட்டவேண்டாம்.) இந்த எண்கள் தெரியாமல் புதுப் பாட்டரி வாங்கியவர், அடுத்த வாரம் அதுவும் காலியாகும்போது கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்.

மூன்றாம் குறை: 'ஏன்' என்பது இல்லாமை. மே மாத வெயில். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் அருகே விடுமுறை நாள் நெரிசல். வெப்பமானியின் முள் சிவப்பைத் தொடுகிறது. 'எஞ்சின் அளவுமீறிச் சூடாகிறது – ரேடியேட்டரில் நீர் மட்டத்தைச் சரிபார்க்கவும்' என்று படித்த ஒருவர் வண்டியை நிறுத்தியதும் மூடியைத் திருகினால் என்ன நடக்கும்?

வீட்டில் பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். ரேடியேட்டரின் மூடி உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தேக்கி வைக்கிறது. அந்த அழுத்தத்தில் நீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. சுமார் 120 பாகையில்தான் கொதிக்கும். ஆகவே 115 பாகை நீர் உள்ளே அமைதியாக இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது. நீர் அப்படியே பொங்கி ஆவியோடு முகத்தில் பாய்கிறது. குக்கரை ஆவி அடங்காமல் திறக்கக் கூடாது என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் ஒன்றே என்று அட்டவணை ஒரு வரி எழுதியிருந்தால், அரைமணி நேரமாவது காத்திருந்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர்க் குழாய் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்பே மூடியைத் தொடவேண்டும் என்பது தானே விளங்கும்.

இங்கும் காரணங்களைப் பிரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. நெரிசலில் மட்டும் சூடேறி, காற்றோட்டமான சாலையில் ஓடும்போது தணிந்துவிடுகிறதா? அப்படியானால் விசிறியைச் சந்தேகியுங்கள். வேகமாக ஓடும்போதும் சூடேறுகிறதா? நீர்க் கசிவு, தெர்மோஸ்டாட், நீர்ப்பம்பு இவற்றின் பக்கம் திரும்புங்கள்.

இதே விதியின் மறுபக்கம் 'வேப்பர் லாக்'. பழைய கார்களில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருந்து, டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. குறைந்த அழுத்தத்தில் திரவம் சீக்கிரம் ஆவியாகும். எஞ்சினின் வெப்பமும் வெயிலும் சேர, குழாயில் ஆவி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிடும். அம்பாசிடர் டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினார்களே, அது பாமர வைத்தியமன்று, சரியான பௌதிகம். இன்றைய பெட்ரோல் கார்களில் பம்பு டாங்கியினுள்ளேயே இருந்து பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தம் கூடியதால் இந்நோய் அரிதாகிவிட்டது. காரணம் புரிந்தவருக்கு இந்த மாறுதலும் புரியும். பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் புதுக் காரிலும் ஈரத்துணியோடு நிற்பார்.

நான்காம் குறைதான் மிகப் பெரியது: 'செய்யாதே' என்ற பத்தி இல்லை.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் பெய்த மழையை இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளே மூழ்கின. வாசலில் நின்ற கார்களைச் சொல்லவேண்டுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் மீண்டும் அதே காட்சி. வெள்ளம் வடிந்ததும் யாருக்கும் இயல்பாகத் தோன்றுவது, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவதுதான். அந்த ஒரு திருப்பலில் எஞ்சினே போய்விடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உள்ள எஞ்சினில், ஒவ்வொரு பிஸ்டனும் 300 கன சென்டிமீட்டர் இடத்தைத் துழாவுகிறது. அழுத்த விகிதம் 10 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே எஞ்சும் இடம் 300-ஐ 9-ஆல் வகுத்தது; அதாவது சுமார் 33 கன சென்டிமீட்டர். காற்று அந்த இடத்துக்குள் சுருங்கி அடங்கும். நீர் சுருங்காது. இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட நீர் உள்ளே இருந்தால் போதும். பிஸ்டன் கல்லில் மோதியது போல மோதும். கனெக்டிங் ராடு வளையும். சுத்தம் செய்தால் தீர்ந்திருக்கும் செலவு, எஞ்சினைப் பிரிக்கும் செலவாக மாறிவிடும். மூழ்கிய எஞ்சினைக் கிளப்பியதால் நேரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்காமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, பழைய அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காரின் முன் நில்லுங்கள். 'எஞ்சின் கிளம்பவில்லை – பாட்டரியைச் சரிபார்த்து மீண்டும் முயலவும்.' மீண்டும் முயல்வதுதான் இங்கே கேடு! செய்யவேண்டியது வேறு. சாவியைத் தொடாதீர்கள். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, ஆயில் குச்சியில் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தாலும் வெளுத்திருந்தாலும் வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றுவார். மின்சாரக் கார் அல்லது ஹைப்ரிட் ஆனால், ஆரஞ்சு நிற வயர்களின் அருகே கையே போகக்கூடாது. அவற்றில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். மேம்பாலம் அதற்கான இடமா என்பது தனி விவாதம். ஆனால் எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு பரிகாரத்தை அனுபவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

'இதெல்லாம் பழங்கதை; இப்போதுதான் காரே தன் கோளாறைச் சொல்லிவிடுகிறதே' என்பீர்கள். உண்மைதான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு செருகியில் சிறு கருவியைப் பொருத்தினால் குறியெண் வருகிறது. ஆனால் 'பி 0171' என்ற குறியெண் சொல்வதென்ன? காற்றோடு சேரும் பெட்ரோல் குறைவு என்பதை மட்டுந்தான். காற்றுக் குழாயில் விரிசலா, பம்பு தளர்ந்ததா, காற்றை அளக்கும் சென்சாரில் தூசியா என்பதை அது சொல்லாது. குறியெண்ணைக் கண்டதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டு, விளக்கு அணையாமல் திகைப்பவர்கள் பலர். அது பழைய அட்டவணையின் முதல் பத்தி மட்டுமே. நோயின் அடையாளம், நோயின் காரணமன்று.

அப்படியானால் எல்லாவற்றையும் பட்டறைக்கே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். பிரேக், பெட்ரோல் கசிவு, ஏர்பேக் ஆகியவற்றைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். ஆனால் நாம் பேசுவது ஸ்பானர் பிடிப்பதைப் பற்றியன்று; சிந்திப்பதைப் பற்றி. 'வண்டி ஓடலை' என்று சொல்பவருக்கும், 'ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, பாட்டரி 12.6 காட்டுகிறது, ஆனால் பிடிக்கவில்லை' என்று சொல்பவருக்கும் கிடைக்கும் வைத்தியம் ஒன்றாக இராது. நல்ல மெக்கானிக்கும் இரண்டாமவரையே விரும்புவார்.

ஆகவே வாசகர்களே, உங்கள் கையேட்டை எறிந்துவிட வேண்டாம். கடைசிப் பக்கத்தை எடுத்து, பென்சிலால் மேலும் இரண்டு பத்திகள் கோடிடுங்கள். ஒன்றின் தலைப்பு 'எப்படித் தெரிந்துகொள்வது?'; மற்றொன்றின் தலைப்பு 'எதைச் செய்யக் கூடாது?'. முதல் பத்தியில் அந்த மூன்று வோல்ட் எண்களை எழுதுங்கள். இரண்டாவதில் 'சூட்டோடு மூடியைத் திறக்காதே', 'வெள்ளத்தில் நின்றால் சாவியைத் திருப்பாதே' என்று எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எழுதிவிடுங்கள்.