அரங்கநாதனின் ஐந்து விதிகளும் வாசகரின் அந்தரங்கமும்: ஒரு மறுபார்வை

சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள் இன்றளவும் இத்துறைக்கு அடித்தளமாக விளங்குகின்றன. எனினும், வாசகர் எதைப் படித்தார் என்பதைப் பிறர் அறியலாமா எனும் வினாவை அவ்விதிகளுள் எதுவும் நேரடியாக எழுப்பவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டிலேயே வாசகரைப் பற்றிய செய்திகளை வெளியிடாது காப்பது நூலகரின் கடமை எனத் தன் ஒழுக்கநெறியில் வகுத்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

அந்தரங்கம் நூலகரின் நல்லெண்ணத்தை மட்டுமன்றிப் பதிவுமுறையையும் சார்ந்தது. பழைய பிரவுன் முறையில் நூலட்டை வாசகரின் சீட்டுக்குள் செருகப்பட்டிருக்கும்; நூல் திரும்பியதும் இரண்டும் பிரிக்கப்படும்; இரவல் பெற்றவர் யார் என்பதற்குச் சுவடே எஞ்சாது. நெவார்க் முறையிலோ இரவல் பெற்றோரின் எண்கள் நூலட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிலைத்திருக்கும். இன்றைய கணினியை இவ்விரு முறைகளுள் எதற்கும் ஏற்ப அமைக்கலாம்.

2005ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நூலகக் கணினி ஒன்றைப் பயன்படுத்தியோர் பற்றிய பதிவுகளைக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை கோரியது. அக்கோரிக்கையை வெளியில் சொல்லவும் தடை இருந்தது. நூலகர் நால்வர் தர மறுத்து வழக்குத் தொடுத்தனர். 2006இல் தடை நீங்கியது, கோரிக்கையும் கைவிடப்பட்டது. அவர்தம் துணிவு போற்றற்குரியது. ஆயினும், வாசகரின் பாதுகாப்பை நூலகரின் துணிவிடம் மட்டும் ஒப்படைத்தல் தகாது. இல்லாத பதிவை எவரும் கேட்டுப் பெற இயலாது.

இரவல் வரலாற்றைச் சேமித்தால் வாசகருக்கேற்ற நூலை விரைந்து பரிந்துரைக்கலாம் என்பர். வாசகரின் நேரத்தைக் காக்கும் நான்காம் விதி இதற்குத் துணைநிற்பதாகத் தோன்றலாம். ஆனால், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பது இரண்டாம் விதியின் கருத்து. தன் நோயையோ சமய ஐயத்தையோ பற்றிய நூலைத் தேடும் மாணவர், பதிவாகிவிடும் என அஞ்சி அதனை எடுக்காது திரும்பினால் அவ்விதியே பொய்த்துவிடும். ஆகவே, அந்தரங்கம் புதிதாகச் சேர்க்க வேண்டிய ஆறாம் விதியன்று. இரண்டாம் விதி நிறைவேறுவதற்கான முன்நிபந்தனையாகும்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. எனவே, அரசு நேரடியாக நடத்தும் நூலகங்களில் நடைமுறையே காப்பாக அமைதல் வேண்டும். நூல் திரும்பியதும் வாசகர் பெயருக்கும் நூலுக்குமான தொடர்பை நீக்குதல், எண்ணிக்கையை மட்டும் பேணுதல், வரலாறு வேண்டுவோர்க்கு அவர்தம் விருப்பின்பேரில் மட்டும் சேமித்தல் ஆகிய மூன்றும் உடனே செயற்படுத்தத் தக்கவை. மாணவரை நூலகத்திற்கு அனுப்பும் ஆசிரியர்களாகிய நாமே இவற்றை முதலில் வலியுறுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.