மோசமான விமானமா, மோசமான முடிவா?

'உலகின் மோசமான போர் விமானங்கள்' என்று யார் பட்டியல் போட்டாலும் ஃபேரி பேட்டிலுக்கு அதில் ஓர் இடம் நிச்சயம். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டன் களமிறக்கிய இலகுரக குண்டுவீச்சு விமானம் அது. "மெதுவா போகும், சுலபமா விழும்" என்று ஒரே வரியில் தீர்ப்பு முடிந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளை மாற்றிப் பிடிக்கிறார்கள்.

பேட்டில் முதலில் பறந்தது 1936 மார்ச் 10. ஸ்பிட்ஃபயர் பறந்து ஐந்தே நாள் கழித்து! இரண்டுக்கும் அதே மெர்லின் எஞ்சின்தான். ஆனால் ஸ்பிட்ஃபயரில் ஒரே ஆள். பேட்டிலில் மூன்று பேர், கூடவே சுமார் 450 கிலோ குண்டு. வேகம் மணிக்கு சுமார் 410 கி.மீ.; எதிரே வந்த ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 அதைவிட ஏறக்குறைய 150 கி.மீ. அதிகம். தற்காப்புக்கு இறக்கையில் ஒரு துப்பாக்கி, பின்னால் ஒன்று. இந்தக் குறைகளை நான் மறுக்கவில்லை.

கேள்வி வேறு. இது தெரிந்தே ஏன் அனுப்பினார்கள்? 1939 செப்டம்பர் 30 அன்று ஜெர்மன் எல்லையை வேவு பார்க்கப் போன ஐந்து பேட்டில்களில் நான்கு சுட்டு வீழ்த்தப்பட்டன. பாடம் அன்றே கிடைத்துவிட்டது. ஆனாலும் 1940 மே 10 அன்று, முன்னேறிவரும் ஜெர்மன் படைமீது பட்டப்பகலில், தாழப் பறந்து குண்டு போட 32 விமானங்கள் போயின, 13 திரும்பவில்லை. மே 14 அன்று செடான் பாலங்களைத் தாக்கப் போன 63ல் 35 போயிற்று.

பிறகு பேட்டிலைப் பெரும்பாலும் இரவில் அனுப்பத் தொடங்கினார்கள். இழப்பு வெகுவாகக் குறைந்தது. அதே விமானம், அதே எஞ்சின் சார்! மாறியது உத்தரவு மட்டும்தான்.

ஜெர்மனியின் ஸ்டூக்காவையும் பாருங்கள். அதுவும் வேகமான விமானமில்லை. போர் விமானங்களின் பாதுகாப்பு வலுவாக இருந்தவரை பிரான்ஸில் கோலோச்சியது. அதே ஆகஸ்டில் பிரிட்டன் வானில் அடி வாங்கியதும் பின்வாங்கப்பட்டது. ஆனாலும் ஸ்டூக்காவை யாரும் 'மோசம்' பட்டியலில் முதலில் எழுதுவதில்லை.

விமானத்தின்மேல் பழி போட்டால் ஒரு வசதி உண்டு: உத்தரவு போட்டவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்த அமைப்பு தன் ஆட்களை எப்படி எடை போட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். மே 12 அன்று மாஸ்ட்ரிக்ட் அருகே ஆல்பர்ட் கால்வாய்ப் பாலங்களைத் தாக்க 12ஆம் ஸ்குவாட்ரனிலிருந்து ஐந்து பேட்டில்கள் போயின. அத்தனையும் இழப்பு. ஒரு பாலம் சேதமடைந்தது. தலைமை தாங்கிய விமானி கார்லண்ட், வழிகாட்டிய கிரே இருவருக்கும் இறந்தபின் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அதே விமானத்தில் பின்னால் உட்கார்ந்து துப்பாக்கி பிடித்தபடி செத்துப்போன ரெனால்ட்ஸுக்கு ஒரு பதக்கமும் இல்லை. வயசு இருபதுதான்.

மூன்று பேரும் ஒரே விமானத்தில்தான் போனார்கள். அடுத்த முறை அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, பேட்டிலின் பெயரோடு ரெனால்ட்ஸின் பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.