ஃபாயில் யார்?

நஹ்வு வகுப்பில் 'ஃபாயில்' என்றால் 'செய்தவன்' என்று பொருள் கூறிக் கடந்துவிடுகிறோம். 'ளரப ஸைதுன் அம்ரன்' என்பதில் இடர்ப்பாடில்லை. அடித்தவன் ஸைது, அடிபட்டவன் அம்ரு. ஆனால் 'மாத்த ஸைதுன்', ஸைது மரணித்தான் என்பதிலும் ஸைது ஃபாயிலே. மரணத்தை அவன் செய்தானா? வினை எவர்மீது ஏற்றிச் சொல்லப்படுகிறதோ அவரே ஃபாயில் என்பது இலக்கணவாணர் கொள்கை. அவரது நாட்டம் அதில் உண்டா என்பது அவர்களின் வினா அன்று.

சுமத்ராவின் வடமுனையில் வாழும் அச்சே முஸ்லிம்களின் மொழிக்கு அதுவே வினா. நடப்பவனைச் சுட்டும் ஒட்டு வினைக்கு முன்னே நிற்கும். விழுபவனைச் சுட்டும் ஒட்டு வினைக்குப் பின்னே நிற்கும். நாடிச் செய்ததும் நாடாது நேர்ந்ததும் சொல்லமைப்பிலேயே பிரிந்துவிடுகின்றன. தமிழும் சற்றே இப்பக்கம் சாய்ந்ததுதான்: நாம் உண்கிறோம், பசியோ நமக்குப் பசிக்கிறது.

இந்த அளவுகோலை வகுப்பறையில் வைத்துப் பார்ப்போம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவியது செயல்வழிக் கற்றல். பிள்ளைகள் பாயில் அமர்ந்து, ஏணிப்படி வரிசையில் அட்டைகளைத் தாமே எடுத்துப் பயின்றனர். பிரம்புக்கும் மனப்பாடத்துக்கும் அது நல்ல மாற்றே. எனினும் அடுத்த அட்டை எதுவென ஏணி முன்னரே தீர்மானித்திருந்தது. கை அசைந்ததாலேயே பிள்ளை செய்தவனாகிவிடுவானா? 'மாத்த ஸைதுன்' போன்ற ஃபாயிலாகவும் அவன் இருக்கக்கூடும்.

திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம் 1947 முதல் போற்றிவந்த ஆதாரக் கல்விக்கு 'நயீ தாலீம்' என்று பெயர். 1937இல் அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன். அந்தத் தாலீம் நம் தஃலீமே, அதாவது கற்பித்தல். கைத்தொழில் வழியே அது நாடியதோ தஅல்லும், கற்றல். 'அல்லம்த்துஹு ஃபதஅல்லம', அவனுக்குக் கற்பித்தேன், அவன் கற்றான் என்பது ஸர்ஃபு வகுப்பில் நாம் ஓதும் உதாரணம். இங்கு அந்த பாபு பிறர் செயலுக்கு இசைந்து கொடுத்தலைக் குறிக்கிறது. வேறிடங்களில் தானே வருந்தி முயலும் தகல்லுஃபையும் குறிக்கும். நம் மாணவர் முன்னதோடு நின்றுவிடுகின்றனர் என்பதே நம் குறை.

நமது மதரஸாக்களில் முதாலஆவும் தக்ராரும் பழைய வழக்கங்கள். பாடத்துக்கு முன் தானே நூலை வாசித்தலும், பின்னர் தோழருக்கு அதை எடுத்துரைத்தலும் மாணவனின் வினைகள். இன்று தக்ரார் பெரும்பாலும் உஸ்தாதின் சொற்களை ஒப்பிப்பதாகச் சுருங்கிவிட்டது. ஏழாண்டு ஓதி வெளிவருபவர் சிலர், ஹரகத் இடாத பக்கத்தைக் கண்டு தயங்குவதை நாம் காண்கிறோம். அங்கோ 'ளரப', 'ளுரிப' இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே. ஸைது அடித்தானா, அடிக்கப்பட்டானா என்பதை வாக்கியப் போக்கை ஆராய்ந்து மாணவனே தீர்மானிக்க வேண்டும். உஸ்தாது வாய் திறவாமல் காத்திருக்க வேண்டிய இடம் அது.