55 டன்னை இழுக்கும் ஒரகடத்து வண்டி

வடக்குப்பட்டுப் பக்கம் சாலையோரம் சற்று நின்றாலே போதும், வரிசையாக டிரெய்லர்கள் கடந்து போகும். அவற்றை இழுக்கும் டிராக்டர்களில் ஒன்று பக்கத்திலேயே, ஒரகடத்தில் 2012-இல் திறக்கப்பட்ட டைம்லர் ஆலையில் தயாராகிறது. பாரத்பென்ஸ் 5528டிடி. டிராக்டர், டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்து 55 டன்; எஞ்சின் 280 குதிரைத்திறன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. முழு லோடு ஏற்றிய வண்டியில் டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன்.

ஆறு சிலிண்டர், 7.2 லிட்டர் எஞ்சின். கிளட்ச்சை விட்டதும் உதறாமல் நகர்கிறது. இறக்கத்தில் எஞ்சின் பிரேக் நன்றாகப் பிடிப்பதால் காலுக்கு வேலை குறைவு. ஆனால் கணக்குப் போட்டால் டன்னுக்கு 5 குதிரைத்திறன்தான். சிறு மேடு வந்தாலும் கியரை இறக்க வேண்டியிருக்கிறது. துறைமுக ஓட்டத்துக்கு இது தாராளம். மலைப்பாதை ஓட்டம் அதிகமென்றால் கூடுதல் சக்தி உள்ள வண்டியைப் பார்ப்பதே நல்லது.

நான் அதிகம் கவலைப்படுவது லோடு ஏற்றும் விதத்தைப் பற்றி. 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்புப்படி முன் அச்சுக்கு 7 டன், டிராக்டரின் இரட்டை அச்சுக்கு 21, டிரெய்லரின் மூன்று அச்சுக்கு 27. கூட்டினால் சரியாக 55. கொஞ்சமும் மிச்சமில்லை! இந்தப் பகுதியில் ஓயாமல் போகும் ஸ்டீல் காயிலையே எடுத்துக்கொள்வோம். டிரெய்லர் டிராக்டரில் உட்காரும் இடத்துக்கும் பின் அச்சுகளுக்கும் இடைவெளி 8 மீட்டர் என்றால், 20 டன் காயிலை ஒரு மீட்டர் முன்னே தள்ளி வைத்தாலே 2.5 டன் டிராக்டர் மேல் கூடுதலாக இறங்கும். மொத்த எடை சரியாக இருக்கும். டிராக்டரின் டயரும் அச்சும் மட்டும் வரம்பைத் தாண்டித் திணறும். 

2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதிக பாரத்தால் விபத்து நேர்ந்து ஏற்படும் உயிர்ச்சேதத்துக்கு முன்னால் அதுகூடச் சிறிய தொகைதான்.

வண்டியைத் தாராளமாக வாங்கலாம். எடை மேடையில் மட்டும் ஒரு சீட்டோடு நிறுத்தாதீர்கள். முதலில் டிராக்டரின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கும் ஒரு சீட்டு வாங்குங்கள். முதல் சீட்டில் 28 டன்னுக்கு மேல் இருந்தால், லோடை நகர்த்தி வைக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.