குவியமும் பெயரும்: ஜூலியா மார்கரெட் கமரனின் ஒளிப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒளிப்படக்கலையில் ஈடுபாடு கொண்டோர் நால்வர் ஓரிடத்துக் கூடின், அவர்தம் பேச்சு விரைவில் வில்லையைச் சென்றடையும். எந்த வில்லை, குவியத்தூரம் என்ன, துவாரம் எவ்வளவு திறக்கப்பட்டது, ஓரங்கள் கூர்மையாக உள்ளனவா என்ற வினாக்களே முதலில் எழும். படத்தில் இருப்பவர் யார் என்ற வினா பிந்தியே எழும். சில வேளைகளில் எழாமலே போவதும் உண்டு. இதனைக் கண்டு நகைப்போர் உளர். கருவியைப் பற்றிப் பேசுவோர் கலையைப் பற்றிப் பேசத் தெரியாதோர் என்பது அவர்தம் எண்ணம். யாப்பைப் பற்றிப் பேசுவோரெல்லாம் கவிதையை அறியாதோர் என்று கூறுவது எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே இவ்வெண்ணமும் பொருந்தாது. எதனைத் தெளிவாகக் காட்டவேண்டும், எதனை மங்கவிடலாம் என்பதே வில்லை பற்றிய பேச்சின் உட்பொருள். அது ஒரு மதிப்பீடு. மதிப்பீடு என்பதனால் அதனைச் செய்வோரின் சமூக நிலைமையினின்றும் அது பிரித்தற்கரியது.

இதனை ஆராய்வதற்கு 1864, 1865 ஆகிய ஆண்டுகளில் இலண்டனில் எழுந்த ஒரு பிணக்கு மிகவும் ஏற்றது. அதன் மறுதரப்பில் நின்றவர் ஜூலியா மார்கரெட் கமரன். அவரது வாழ்வு இலங்கையின் மலைநாட்டிலே முடிவுற்றது என்பதும், அவரது இறுதிப் படங்கள் இந்நாட்டு மக்களையே பொருளாகக் கொண்டவை என்பதும் அப்பிணக்கை இங்கு மீள நோக்குவதற்கு மேலுமொரு காரணமாகும்.

இலண்டன் ஒளிப்படச் சங்கம் 1853ஆம் ஆண்டிலே தோன்றியது. அதற்கு ஈராண்டுகளின் முன் பிரெடெரிக் ஸ்கொற் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டிருந்தார். கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன்னரே கமெராவில் இட்டுப் படமெடுத்து, உடனடியாக இருட்டறையில் உருத்துலக்க வேண்டும். இத்தனைக்கும் பணம் வேண்டும். அதனினும் மேலாக ஓய்வு வேண்டும். சங்கத்து உறுப்பினர் பலர் இவ்விரண்டும் வாய்க்கப் பெற்றவர்கள். தொழிலுக்காகவன்றி விருப்பத்துக்காகப் படமெடுத்தோர், தம் படங்களை ஒருவருக்கொருவர் காட்டி, சங்கத்தின் சஞ்சிகையிலே வில்லைகளையும் இரசாயனக் கலவைகளையும் பற்றி விவாதித்தனர். அவர்கள் யாவரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல் ஒன்று இருந்தது. தகட்டின் நடுவிலிருந்து ஓரம்வரை கூர்மை குன்றாத படமே நல்ல படம் என்பது அது.

கமரன் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863ஆம் ஆண்டின் இறுதியில், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் அளித்த பரிசாகவே கமெரா அவர் கைக்கு வந்தது. வைற் தீவின் பிரெஷ்வோற்றர் என்னும் ஊரில், நிலக்கரி அறையை இருட்டறையாக்கி, கோழிக்கூட்டைக் கண்ணாடிக் கூடமாக்கித் தம் வேலையைத் தொடங்கினார். (கோழிகள் விடுவிக்கப்பட்டன என்றும் அவை உண்ணப்படவில்லை என்று தாம் நம்புவதாகவும் அவரே பின்னர் எழுதினார்.) அவரது முதல் வில்லை, வியன்னாவிலே ஜோசெப் பெற்ஸ்வால் 1840இல் வகுத்த அமைப்பைப் பின்பற்றிப் பிரான்சிற் செய்யப்பட்டது. இவ்வகை வில்லை மிகுந்த ஒளியை உள்ளே விடவல்லது. நடுப்பகுதி நன்கு கூர்மையுறும். ஆனால் நடுவிலிருந்து விலகுந்தோறும் உருவம் கலங்கும். சிறிய தகட்டில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. பெரிய தகட்டில், முகத்தை மிக அண்மையில் வைத்துப் படமெடுக்கும்போது, கண்ணிமை கூர்மையாக இருக்கக் காதோரம் கரைந்துபோகும். அமர்ந்திருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தமையால், மூச்சின் அசைவும் படத்திற் பதிந்தது.

குவியத்தைச் சரிசெய்யுங்கால், தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய நிலையிலே தாம் திருகாணியை நிறுத்திவிட்டதாகவும், மற்றையோர் வற்புறுத்தும் கூர்மைவரை அதனைத் திருப்பிச் செல்லவில்லை என்றும் கமரன் 1874இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பிலே கூறுகின்றார். 1864இல் அவர் சங்கத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டிற் சங்கத்தின் கண்காட்சியிலும் கலந்துகொண்டார். சங்கத்துச் சஞ்சிகையின் மதிப்புரை அவரது துணிவையும் புதுமையையும் ஒப்புக்கொண்டது. எனினும் ஒளிப்படத்துக்குரிய பிற பண்புகளை யெல்லாம் பலிகொடுத்தே அப்புதுமை பெறப்பட்டது என்று கண்டித்தது. 1864ஆம் ஆண்டின் இறுதியில் வானியலாளர் ஜோன் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், குவியம் என்பதுதான் யாது, இதுவே முறையான குவியம் என்று கூறும் உரிமை எவருக்கு உண்டு என்று கமரன் வினவினார். இவ்வினா ஓர் அறிவியலாளரிடம் கேட்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. படத்தை நிலைநிறுத்தும் உப்பின் இயல்பை 1819இலேயே கண்டறிந்தவர் ஹேர்ஷல்.

சங்கத்தாரை மூடர் என ஒதுக்கிவிடுதல் இன்று எளிது. அது நீதியன்று. கமரனின் தகடுகளில் விரல்தடங்கள் உண்டு. கொலோடியன் உரிந்த வடுக்கள் உண்டு. தூசு படிந்த புள்ளிகள் உண்டு. தேர்ச்சியைத் தம் ஒழுக்கமாகக் கொண்டிருந்தோர் இவற்றைக் கண்டு முகஞ்சுளித்தமையில் வியப்பில்லை. ஆனால் தகட்டின் வடுவையும் குவியத்தின் மென்மையையும் ஒரே குற்றமாகக் கணக்கிட்டமையே அவர்களது தவறு. முன்னையது கைப்பழக்கம் பற்றியது; பின்னையதோ பார்வை பற்றியது. 1866 அளவிற் கமரன் டல்மேயர் நிறுவனத்தின் 30 அங்குலக் குவியத்தூரமுள்ள வில்லையைப் பெற்று, 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவான தகடுகளைக் கையாளத் தொடங்கினார். இப்புதிய வில்லை பழையதினும் திருந்தியது. எனினும் மென்மை மறையவில்லை. நீண்ட குவியத்தூர வில்லையை அண்மையிலே பயன்படுத்தினால் கூர்மையின் ஆழம் சுருங்கும் என்பது உண்மையே. அதனால் இம்மென்மையின் ஒரு பகுதி ஒளியியல் விதியின் விளைவு. ஆயினும் அவ்விதியைத் தெரிந்துகொண்டு தலையைத் தகடு நிரம்ப வைத்தவர் அவரே. 1867இல் எடுக்கப்பட்ட ஹேர்ஷலின் படத்தில் கண்ணும் நெற்றிச் சுருக்கமும் ஒளியில் வெளிப்பட, வெண்மயிர் இருளில் புகைபோற் கரைகின்றது. ஓரம்வரை கூர்மையான ஹேர்ஷல் ஒருவர் இருந்திருப்பின் அது அவரது கோட்டைக் காட்டியிருக்கும், சிந்தனையைக் காட்டியிராது. இவ்வளவில் கமரன் பக்கமே நியாயம் உள்ளது எனலாம்.

இப்பிணக்கின் பிற்கால வரலாற்றை விரிக்க வேண்டுவதில்லை. 1889இல் பி. எச். எமெர்சன் கண்ணின் இயல்பைக் காரணங்காட்டி மென்குவியத்துக்கு ஒரு கொள்கை வகுத்தார். பின்னர் தாமே தம் கொள்கையைக் கைவிட்டார். 1892இல் கலைநோக்குடையோர் சிலர் சங்கத்திலிருந்து பிரிந்து இணைந்த வளையம் என்ற அமைப்பை நிறுவினர். 1932இல் கலிபோர்னியாவில் அன்சல் அடம்ஸ், எட்வேட் வெஸ்ரன் முதலியோர், மிகச் சிறிய துவாரத்தைக் குறிக்கும் எஃப்/64 என்ற எண்ணையே தம் குழுவின் பெயராக வைத்து, கூர்மையின் கொடியை மீள உயர்த்தினர். இலங்கையில் 1930களிலே ஒளிப்படச் சங்கம் உருவானபோது அதன் முன்னணியில் நின்ற லயனல் வென்ற், றொலிஃபிளெக்ஸ் கமெராவின் கூர்மையையும், ஒளித்தலைகீழாக்கம், படச்சேர்க்கை ஆகிய இருட்டறைச் சோதனைகளையும் ஒருங்கே கையாண்டார். அவர் கையிற் கூர்மை ஒரு கட்சியாக இல்லை. வேண்டும்போது எடுத்தாளும் சாதனமாகவே இருந்தது. 2013இலோ பெற்ஸ்வால் வில்லை மீண்டும் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. அதனை வாங்கியோர் விரும்பியது, சங்கத்தார் எதனைக் குற்றமென்றனரோ அந்தச் சுழன்று கலங்கும் ஓரத்தையே.

எனவே குவியம் பற்றிய வழக்கிற் கமரன் வென்றார். ஆனால் இவ்வழக்கில் இரு தரப்பாரும் எழுப்பாத வினா ஒன்று உண்டு. அதனை எழுப்புவதற்குக் களுத்துறைக்கு வரவேண்டும்.

கமரனின் கணவர் சாள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்குடன் இணைத்துப் பள்ளிப் பாடநூல்களிற் பேசப்படும் அதே கமரன் ஆவார். நீதித்துறை பற்றிய அவரது 1832ஆம் ஆண்டு அறிக்கையின் வழியே 1833இன் நீதிப் பட்டயம் வந்தது. இந்நாட்டில் அவருக்குக் கோப்பித் தோட்டங்களும் இருந்தன. பிரெஷ்வோற்றர் மாளிகையின் விருந்துகளும் கண்ணாடித் தகடுகளும் ஓரளவிற்கு அத்தோட்டங்களின் வருவாயிலே தங்கியிருந்தன. 1869இற் காணப்பட்ட கோப்பி இலைநோய் பரவத் தொடங்கியபின் அவ்வருவாய் தளர்ந்தது. 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தனர். இலங்கையிலே கமரன் எடுத்தவற்றுள் இன்று எஞ்சுவன முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்திலே பன்னிரண்டு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை ஆக்கியவருக்கு இது சிறு தொகையே. வெப்பத்திலே தகடு விரைவில் உலர்ந்திருக்கும். இரசாயனப் பொருள்களும் எளிதிற் கிடைத்திரா.

இப்படங்களுள் நன்கு அறியப்பட்ட ஒன்றின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர் கூட்டம் ஒன்று என்பது (1878). ஊர் உண்டு, வகுப்பு உண்டு, பெயர் இல்லை. தெனிசன், கார்லைல், டார்வின், ஹேர்ஷல் ஆகியோர் தம் பெயராலேயே நிலைபெற்ற தொகுதியிலே, இம்மக்கள் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர். தூரமும் மாறிவிட்டது. இங்கிலாந்தில் அறிஞரின் தலை தகட்டை நிரப்பியது. இங்கோ, ஒருசில படங்கள் நீங்கலாக, கமெரா பின்வாங்குகின்றது; உடையும் நிற்கும் நிலையும் கையிலுள்ள பொருளும் பார்வைக்கு வருகின்றன. அகத்தைத் தேடிய வில்லை இப்போது வகையைத் தேடுகின்றது.

1877இன் தொடக்கத்திற் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த் தம் நினைவுக் குறிப்புகளிலே சுவையான செய்தியொன்றைத் தருகின்றார். அவ்வூர் மனிதர் ஒருவரின் முதுகு ஒப்பற்ற அழகுடையது என்று கண்ட கமரன், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி தம் மகனை வற்புறுத்தினாராம். அங்கே தோட்டமும் இல்லை. தோட்டக்காரர் என்றால் என்னவென்று அம்மனிதர் அறிந்ததும் இல்லை. நோர்த் இதனை நகைச்சுவையாகவே எழுதினார். கமரனின் கலைவெறிக்குச் சான்றாக இன்றும் பலர் இதனை எடுத்துக் கூறுவர். ஆனால் செய்தியை மறுபக்கத்திலிருந்தும் படிக்கலாம். ஒருவருக்கு வேலை கிடைத்தது அவரது முதுகினால். அம்முதுகிற்கு உரியவரின் பெயரை நோர்த்தும் எழுதவில்லை. அதே நோர்த்தையும் கமரன் நண்பகல் வெயிலிலே தென்னோலைகளின் நடுவே நிறுத்திப் படமெடுத்தார். அப்படத்திற்குரியவரின் பெயர் தவறாமல் வழங்குகின்றது.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். இங்கிலாந்திலும் கமரன் பணிப்பெண்களைத் தேவமாதாவாகவும் புராண மாந்தராகவும் வேடமிட்டே படமெடுத்தார். அங்கும் தலைப்பில் அவர்தம் பெயர் பெரும்பாலும் இல்லை என்பதே அது. இம்மறுப்பு ஓரளவிற்கு ஏற்கத்தக்கது. வர்க்க வேறுபாடு கடல் கடந்து வந்தபின் தோன்றியதன்று. எனினும் மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண்ணின் பெயர் கமரனின் எழுத்தின் வழியேயும் ஊராரின் நினைவின் வழியேயும் நமக்குக் கிடைக்கின்றது. மேரி ரையன் என்ற ஏழைச் சிறுமியின் வரலாறும் திருமணமும்கூடத் தெரிகின்றன. களுத்துறையிலோ அத்தகைய சுவடு எதுவும் இல்லை. அக்காலத் தோட்டங்களில் உழைத்த தென்னிந்தியத் தமிழரின் பெயர்கள் செக்றோலில் எழுதப்பட்டன. நாட்கூலியைக் கணக்கிடுவதற்குப் பெயர் தேவைப்பட்டது. படத்திற்குத் தேவைப்படவில்லை.

இதனால் இலங்கைப் படங்கள் கலைத்தரத்திற் குறைந்தன என்று கொள்ளுதல் பிழையாகும். பிரெஷ்வோற்றரின் வேடமிட்ட படங்கள் பலவற்றிற் காணப்படும் மிகையுணர்ச்சி இவற்றில் இல்லை. சிறகு கட்டிய குழந்தைகளும் இல்லை. காவிய நாயகியரும் இல்லை. தம்மை எவராகவும் நடிக்கும்படி பணிக்கப்படாத இம்மனிதர் சிலரின் பார்வையிலே, தெனிசனின் படத்திலும் காணப்படாத ஒரு விலகல் உண்டு. தெனிசன் கமெராவை நண்பரின் கருவியாக அறிந்தவர்; இவர்கள் அதனைத் தோட்டத் துரையின் வீட்டுக் கருவியாக அறிந்தவர்கள். அவ்விலகலையும் வில்லை பதிவு செய்துவிட்டது. கமரன் அதனை நாடினாரோ இல்லையோ, தகடு அதனை மறைக்கவில்லை. இலண்டன் சங்கத்தின் அளவுகோலாலோ, கமரனின் அழகுக் கொள்கையாலோ இப்பண்பை விளக்குதல் இயலாது.

கமரன் 1879 ஜனவரியில் டிக்கோயாவிற் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரது கல்லறை உள்ளது; அடுத்த ஆண்டு கணவரும் அருகே அடக்கம் செய்யப்பட்டார். இருவரின் பெயர்களையும் அங்கு வாசிக்கலாம். களுத்துறைக் குடியானவரின் படம் 1878இல் இட்ட தலைப்புடனேயே அருங்காட்சியகத் தொகுதிகளில் இன்றும் இருந்துவருகின்றது.