மொட்டை மாடியின் கவசம்

அம்பத்தூர், ஆவடி பக்கம் கொஞ்சம் பழைய வீடுகளின் மொட்டை மாடியில் ஏறினால் காலடியில் சிவப்புத் தட்டோடு தெரியும். எனக்குப் பிடித்த சங்கதி அதற்கும் கீழே இருக்கிறது: கான்கிரீட் தளத்தின் மேல் சுமார் 3 அங்குலக் கனத்துக்குப் போட்ட சுருக்கி.

செங்கல் ஜல்லியை நீர்த்த சுண்ணாம்போடு கலந்து பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை நடுநடுவே தெளிப்பார்கள். தளம் இறுகி, அடித்த கட்டை துள்ளி எழும்பும்வரை தட்டுவது நிற்காது. மழைநீர் வடிய வாட்டமும் அதிலேயே அமைந்துவிடும். ஜல்லியின் நுண்துளைகளில் அடைபட்ட காற்று சித்திரை வெயிலை மட்டுப்படுத்துகிறது. தீக்கும் சுருக்கி அஞ்சாது. சூளையிலேயே வெந்து வந்த செங்கல்லில் எரிவதற்கு ஒன்றுமில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரையைப் பற்றிப் பேசும்போது அதை மறக்க முடியவில்லை. வெயில் தாங்காமல் மாடியில் கீற்றுக்கொட்டகை போடுகிறோம், அறைக்குள் தெர்மாகோல் சீலிங் அடிக்கிறோம். இரண்டும் சூட்டைத் தணிக்கும், இரண்டும் எரியும். ராக் வூல் என்கிற பாறைப்பஞ்சு எரியாது, ஆனால் செலவு கூடும்.

பூந்தமல்லிப் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் சுருக்கி கேளுங்கள். தட்டுகிற ஆட்களை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.