நனோச் சேர்க்கைப் படலங்கள்: ஒரு மதிப்பீடு

பல்பகுதியத்துள் நுண்ணிய துணிக்கைகளைக் கலந்து ஆக்கப்படும் மென்படலங்கள் பற்றி இன்று ஆய்வுரைகள் பல வெளிவருகின்றன. துணிக்கை சிறுக்கச் சிறுக்கப் பொருளின் குணம் சிறக்கும் என்பது அவற்றிற் பலவற்றின் அடிப்படைக் கொள்கை. அது பாதி உண்மையே. அச்சிறு துணிக்கைகள் ஒன்றோடொன்று திரளாது தனித்து நிற்குமாயின் மட்டுமே சிறுமை பயன் தரும்.

இவ்வுண்மை புதிதன்று. 1857 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே, தங்கத்தை மிக நுண்ணிய துணிக்கைகளாக நீரிற் பரப்பிச் செந்நிறத் திரவமொன்றைப் பெற்றமையை விவரித்தார். அதனுள் உப்பை இட்டதும் செம்மை நீலமாயிற்று. தங்கத்தின் அளவு மாறவில்லை. விலகி நின்ற துணிக்கைகள் திரண்டன. அவற்றின் மின்னேற்றத்தால் எழும் தள்ளுகையை உப்புத் தளர்த்தியமையே காரணமென்பதைப் பிற்காலத்தார் விளக்கினர்.

திண்மப் படலத்திற்கும் இந்நியதி பொருந்தும். ரொயோட்டா ஆய்வுகூடத்தார் 1980களிற் தொடங்கி, நைலோனுடன் மொன்மோரிலோனைற்று என்னும் களிமண்ணைச் சேர்க்கும் முறையை வகுத்தனர். ஏறக்குறைய 1 நனோமீற்றர் தடிப்புள்ள அதன் தகடுகள், கட்டிய ஏட்டுச்சுவடி போல அடுக்குண்டு கிடப்பவை. அவர்கள் இடையிலுள்ள சோடியம் அயன்களை அகற்றிச் சேதன அயன்களைப் புகுத்தி, அவ்விடைவெளியிலேயே நைலோனை விளைவித்துத் தகடுகளைப் பிரித்தனர். நிறையில் நூற்றுக்கு 5 பங்கிற்கும் குறைந்த களிமண்ணால், சுமையின்கீழ் நைலோன் உருத்திரியும் வெப்பநிலை 65 பாகை செல்சியசிலிருந்து 140 பாகைக்கு மேல் உயர்ந்தது. தகடுகளைச் சுற்றி வளைந்து செல்ல நேர்ந்தமையால் வாயுக்களின் ஊடுருவலும் குறைந்தது. அதே களிமண்ணை எவ்வித பதப்படுத்தலுமின்றிப் பொலித்தீனுடன் உருக்கிக் கலப்பின், நீரை நாடும் தகடுகளும் நீரை வெறுக்கும் பல்பகுதியமும் இணங்கா, சுவடி அவிழாது, படலமும் அப்பயனைப் பெறாது.

2004 இற் தனியே பிரித்துக் காட்டப்பட்ட கிராபீனும், 2011 இல் அறிவிக்கப்பட்ட மக்சீனும் இவ்விடருக்கு விலக்கல்ல. அவற்றின் தகடுகளும் மீண்டும் அடுக்குறும் இயல்பின. எனவே, போத்தலிலுள்ள தூளின் பருமனை மட்டும் கூறி, படலத்துள் அது பரந்துள்ள முறையைக் கூறாத ஆய்வுரை குறையுடையதாகும். இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் காட்டுவதும் படலத்தின் மிகச் சிறிய பகுதியையே. நல்லிடம் தேர்ந்தெடுத்த படமொன்று முழுப் படலத்திற்கும் சான்றாகாது. பரந்த பரப்பை உசாவும் எக்சு-கதிர்ச் சிதறல், வாயு ஊடுருவல் ஆகிய அளவீடுகளையும் உடன்வைத்தே ஒரு புதுப்படலத்தின் சிறப்பை ஏற்றல் தகும்.